டெக்சாஸ் நிலத்தடிக் கனிமம் யாருக்குப் பாத்தியம்? கவுன்டி பத்திரங்களில் தேடும் முறை

டெக்சாஸில் இடம் வாங்கினால் பத்திரத்தில் உங்கள் பெயர், ஏக்கர் கணக்கு, எல்லை விவரம் எல்லாம் இருக்கும். அடியில் கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்து வந்தனவா என்பதை மட்டும் அந்த ஒரு பத்திரத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. மேல்மண் ஒருவருக்கு, கனிமம் இன்னொருவருக்கு, அந்தக் கனிமமும் மூன்று தலைமுறை வாரிசுகளுக்குள் துண்டுதுண்டாக என்பது அங்கே சர்வசாதாரணம். நில உரிமையை ஆராய்ந்து உறுதி சொல்லும் டைட்டில் கம்பெனி கொடுக்கும் காப்பீடு பெரும்பாலும் கனிமத்தை விலக்கிவிட்டுத்தான் எழுதப்படுகிறது. வரி ரசீதும் கைகொடுக்காது. உற்பத்தி நடக்கும் கனிமத்துக்கு மட்டுமே நடைமுறையில் சொத்துவரி விழும். சும்மா கிடக்கும் கனிமம் யார் பெயரிலும் வரிப் பட்டியலில் ஏறாது.

ஆகவே அரசு நிலத்தை முதன்முதலில் எழுதிக்கொடுத்த மானியத்திலிருந்து இன்றுவரை பத்திரங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, யாரிடம் எத்தனை பின்னம் நின்றது என்று கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் எல்லாப் பின்னங்களையும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். 1-க்கு மேல் போனால் யாரோ தன்னிடம் இல்லாததை விற்றிருக்கிறார். குறைந்தால் நீங்கள் ஒரு பத்திரத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று போட்டுப் பழகியவர்கள் முதலில் தடுமாறும் இடம் அட்டவணை. சர்வே எண்ணைக் கொடுத்தால் அந்த நிலத்தின் மீதான பதிவுகள் வரிசையாக வந்து விழும் என்று எதிர்பார்ப்போம். பத்திரங்களைப் பதிந்து வைக்கும் டெக்சாஸ் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கிளார்க் அலுவலகத்தின் அட்டவணை ஆள் பெயரை வைத்து நடக்கிறது. எழுதிக்கொடுத்தவர் பெயருக்கு ஒரு அட்டவணை, எழுதிவாங்கியவர் பெயருக்கு ஒரு அட்டவணை, அவ்வளவுதான். நிலவாரியான அட்டவணை தனியார் டைட்டில் நிறுவனங்களிடம் இருக்கும். பொதுமக்கள் பார்வைக்கு அல்ல. 254 கவுன்டிகளில் பலவற்றின் பதிவுகள் இப்போது கட்டண இணையதளங்களில் கிடைக்கின்றன. நகல் பக்கத்துக்கு 1 டாலர். ஆனால் இணையத்தில் எந்த ஆண்டிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 1970-க்கு முன்னால் ஒன்றுமே வரவில்லை என்றால் பதிவு இல்லை என்று பொருளல்ல, ஸ்கேன் ஆகவில்லை என்றும் இருக்கலாம். கனிமம் பிரிந்ததெல்லாம் பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்திரங்களில்தான்.

தேடலை ஆளிடமிருந்து தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பத்திரத்தில் 'லாட் 12, பிளாக் 3' என்று இருந்தால் அது மனைப்பிரிவு வரைபடத்தின் எண். அந்த வரைபடத்தை எடுத்தால் மனை போடுவதற்கு முன்னிருந்த பெரிய நிலத்தின் விவரமும், அதை வாங்கிய பத்திரத்தின் தொகுதி, பக்க எண்ணும் இருக்கும். அங்கிருந்து மூல சர்வேயின் பெயரும் ஆப்ஸ்ட்ராக்ட் எண்ணும் கிடைக்கும். ஒவ்வொரு கவுன்டியிலும் ஒவ்வொரு மூல மானியத்துக்கும் தனி ஆப்ஸ்ட்ராக்ட் எண் உண்டு. ஆயிரம் பேர் கைமாறினாலும் அது மாறாது. பழைய பத்திரங்களில் நீளம் வாராவில் இருக்கும். டெக்சாஸ் வாரா என்பது 33 1/3 அங்குலம், 36 வாரா 100 அடி, 1900.8 வாரா ஒரு மைல். எல்லை விவரத்தில் நாலு பக்கமும் 1900 வாரா என்று கண்டால் அது சுமார் 640 ஏக்கர் கொண்ட ஒரு முழு செக்‌ஷன் என்று பார்த்தவுடனே பிடிபட வேண்டும்.

ஆப்ஸ்ட்ராக்ட் எண் கைக்கு வந்ததும் ஆஸ்டினில் உள்ள மாநில நில அலுவலகமான ஜெனரல் லேண்ட் ஆபீஸின் இணையதளத்தில் மானியக் கோப்பைத் திறந்து பாருங்கள். அரசு கனிமத்தையும் சேர்த்துக் கொடுத்ததா என்பதை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பழைய ஸ்பானிய, மெக்சிக மானியங்களில் கனிமம் அரசிடம் இருந்தது. 1866 அரசியல் சாசனம் அதை நில உரிமையாளர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அப்புறம் ஒரு கண்ணி: 1895 செப்டம்பர் 1 முதல் 1931 ஆகஸ்ட் 21 வரை 'கனிம வகை' என்று குறித்து விற்கப்பட்ட பள்ளி நிதி நிலங்களில் (பள்ளிகளின் நிதிக்கென அரசு ஒதுக்கியவை) கனிமம் இன்றும் அரசுடையது. மேல்மண் உரிமையாளர் அரசின் ஏஜென்டாக இருந்து குத்தகை பேசி, வரும் தொகையில் பாதியைப் பெறுகிறார். மேற்கு டெக்சாஸில் ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்த பிளாக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்று பள்ளி நிதிக்கான செக்‌ஷன். பக்கத்துச் செக்‌ஷன்காரருக்கு முழுக் கனிமம் இருக்கிறது என்பதால் உங்களுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு கோப்பைப் பார்க்காமல் நூறு பத்திரம் புரட்டியவர்களின் உழைப்பு வீணாவது உண்டு.

இனி பெயர் அட்டவணை. இன்றைய உரிமையாளரில் தொடங்கி எழுதிவாங்கியவர் அட்டவணையில் பின்னோக்கிப் போங்கள்: இவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று மானியம் வரைக்கும். இது மேல்மண் தொடர். பிறகு திரும்பி, முதல் ஆளிலிருந்து முன்னோக்கி எழுதிக்கொடுத்தவர் அட்டவணையை ஒவ்வொருவர் பெயரிலும் ஓட்டுங்கள். அவர் நிலத்தை வைத்திருந்த காலத்தில் தனியாகக் கொடுத்த கனிமப் பத்திரம், ராயல்டி (உற்பத்தியில் வரும் பங்கு) பத்திரம், எண்ணெய்க் கம்பெனிக்கு விட்ட குத்தகை, அடமானம் எல்லாம் இதில்தான் வெளிவரும்.

அதிகம் பேர் தவறுவது அடுத்த அடியில். நிலத்தை விற்ற தேதியோடு அந்த ஆளின் பெயரை மூடிவிடுகிறார்கள். பாதிக் கனிமத்தைத் தனக்கு நிறுத்திக்கொண்டு 1938-இல் நிலத்தை விற்றவர், அந்தப் பாதியை 1951-இல் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்திருக்கலாம். கனிமம் யாரிடமாவது தங்கியிருந்தால் அவர் பெயரை அவர் சாகும் வரை ஓட்ட வேண்டும். அவருக்குப் பின் வாரிசுகளின் பெயரை ஓட்ட வேண்டும். ஒரே நிலத்துக்கு இரண்டு, மூன்று தொடர்கள் இணையாக நடக்கும்.

பெயர் அட்டவணை தன் பங்குக்கும் ஏமாற்றும். ஐந்து சகோதரர்கள் சேர்ந்து எழுதிய பத்திரம் மூத்தவர் பெயரில் மட்டும் 'மற்றும் பிறர்' என்று ஏறியிருக்கும். இளையவரின் பெயரில் தேடினால் கிடைக்காது. டிரஸ்ட் சொத்து டிரஸ்டியின் சொந்தப் பெயரில் கிடக்கும். முழுப்பெயர் ஒரு பத்திரத்தில், இனிஷியல் மட்டும் அடுத்ததில். கல்யாணமான பெண்ணின் குடும்பப்பெயர் மாறியிருக்கும். எழுத்துப் பிழை உள்ள எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். கிடைக்கிற ஒவ்வொரு பதிவையும் ரன்ஷீட் என்ற பதிவு வரிசைத் தாளில் ஏற்றுங்கள்: ஆவண வகை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கையெழுத்தான தேதி, பதிவான தேதி, தொகுதி, பக்கம், நில விவரம், குறிப்பு. குறிப்புப் பத்தியில் கனிமம் பற்றிய வாசகத்தைச் சுருக்காமல் எழுத்துக்கு எழுத்து நகலெடுங்கள். உங்கள் சொந்த நடையில் 'பாதி நிறுத்தினார்' என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து எதில் பாதி என்று உங்களுக்கே தெரியாது.

வாசகம்தான் எல்லாம் என்பதால் அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் விதி: பத்திரம் கனிமத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், எழுதிக்கொடுத்தவரிடம் இருந்த கனிமம் முழுதும் நிலத்தோடு போய்விடும். 'பழைய ஒதுக்கீடுகளுக்கு (முன்பு விற்றவர்கள் தங்களுக்கு நிறுத்திக்கொண்டவற்றுக்கு) உட்பட்டு' என்ற வரி தானாக எதையும் ஒதுக்காது. அது வாங்குபவருக்கு எச்சரிக்கை, அவ்வளவே. ஆனால் அந்த வரி சுட்டும் தொகுதியும் பக்கமும் உங்களுக்குப் பொன். நீங்கள் தவறவிட்ட பத்திரத்துக்கு அது நேராகக் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது, கனிமமா ராயல்டியா. கனிம உரிமையில் ஐந்து கூறுகள்: தோண்டும் உரிமை, குத்தகைக்கு விடும் உரிமை, போனஸ் (குத்தகை எழுதும்போது வரும் தொகை), தாமத வாடகை (தோண்டுவதைத் தள்ளிப்போடுவதற்குத் தரும் தொகை), ராயல்டி. ராயல்டி மட்டும் வைத்திருப்பவர் குத்தகையில் கையெழுத்துப் போட மாட்டார், போனஸும் கிடைக்காது. எண்ணெய் வந்தால் பங்கு வரும். '1/16 ராயல்டி' என்பதும் 'ராயல்டியில் 1/16' என்பதும் கேட்க ஒன்றுபோல் இருக்கும். குத்தகை ராயல்டி 1/4 என்றால் முதலாமவருக்கு மொத்த உற்பத்தியில் 0.0625, இரண்டாமவருக்கு 0.015625. நாலு மடங்கு வித்தியாசம்.

மூன்றாவது, இரட்டைப் பின்னம். 1920கள் தொடங்கி எழுதப்பட்ட பத்திரங்களில் '1/8-இல் 1/2' என்று நிறைய வரும். பெருக்கினால் 1/16. அந்தக் காலத்தில் குத்தகை ராயல்டி எங்கும் 1/8 ஆகவே இருந்ததால், முழுக் கனிமத்தையே 1/8 என்று சொல்லும் பழக்கம் இருந்தது. 1924-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றை வைத்து வந்த வான் டைக் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2023-இல் அதைத்தான் ஏற்றது: வேறு பொருள் பத்திரத்திலேயே தெரியாதவரை, அப்படிப்பட்ட வாசகத்தில் 1/8 என்றால் முழுக் கனிமம், ஆக 1/2 என்றே கொள்ள வேண்டும். 2023-க்கு முன் யாராவது போட்டுக் கொடுத்த கணக்கு உங்களிடம் இருந்தால் இரட்டைப் பின்னம் வரும் வரிகளை மறுபடி பாருங்கள்.

'மற்றும் பிற கனிமங்கள்' என்ற சொற்றொடருக்கும் ஒரு எல்லை உண்டு. மணல், சரளை, சாதாரணச் சுண்ணாம்புக்கல், மேலோட்டமான லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) இவை மேல்மண்காரருக்கே. 1983 ஜூன் 8-க்குப் பின் பிரிந்தவற்றில் யுரேனியம் கனிமத்தோடு சேரும். எண்ணெய்க்காக மட்டும் தேடுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஒரு கணக்கை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 160 ஏக்கர், கனிமம் முழுதும் முதலாமவரிடம். 1938-இல் பாதிக் கனிமத்தை நிறுத்திக்கொண்டு இரண்டாமவருக்கு விற்கிறார். 1946-இல் இரண்டாமவர் மூன்றாமவருக்கு முழு வாரன்டி (உரிமைக்கு உறுதி கூறும்) பத்திரம் எழுதுகிறார். 1938 ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'பாதிக் கனிமத்தை எனக்கு நிறுத்திக்கொள்கிறேன்' என்று மட்டும் இருக்கிறது. 1971-இல் மூன்றாமவர் கனிமம் பற்றி எதுவும் சொல்லாமல் நான்காமவருக்கு விற்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் முதலாமவர் 1/2, இரண்டாமவர் 1/2, மற்றவர்களுக்குச் சூனியம் என்று தோன்றும். 1940-இல் வந்த டூஹிக் வழக்கின் தீர்ப்பு இதை மாற்றிவிடுகிறது. இரண்டாமவர் வாரன்டி கொடுத்து மூன்றாமவருக்குப் பாதிக் கனிமத்தை உறுதி சொல்லிவிட்டார். வெளியே ஏற்கெனவே ஒரு பாதி போய்விட்டதால் தன் பாதியையும் உறுதி சொன்ன பாதியையும் சேர்த்துக் காப்பாற்ற அவரிடம் சரக்கு இல்லை. அப்போது இழப்பு அவருடையது: மூன்றாமவருக்கு 1/2, இரண்டாமவருக்குப் பூஜ்யம். அந்த 1/2 1971-இல் நான்காமவருக்குப் போய்விட்டது. 1946 பத்திரத்தில் 1938 ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு என்ற குறிப்பு இருந்திருந்தால் முடிவு வேறாக இருக்கலாம். இரண்டாமவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தங்களுக்குப் பாதி இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் குத்தகை எழுதி வாங்கி ஏமாறும் கம்பெனிகளும் உண்டு.

முதலாமவரின் பாதியைப் பார்ப்போம். அவர் 1952-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவியும், அந்த மனைவிக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிலம் கல்யாணத்துக்குப் பின் வாங்கியது, அதாவது தம்பதியின் பொதுச்சொத்து. டெக்சாஸ் சட்டப்படி மனைவிக்குத் தன் பாதி ஏற்கெனவே உண்டு: 1/4. கணவரின் 1/4 அன்றைய சட்டத்தில் பிள்ளைகளுக்குப் போகும், தலைக்கு 1/12. 1968-இல் அம்மாவும் மறுமணம் செய்யாமல், உயிலில்லாமல் இறக்க, அவருடைய 1/4-இலிருந்து தலைக்கு இன்னொரு 1/12. ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/6. கூட்டிப் பாருங்கள்: நான்காமவர் 1/2, மூன்று பிள்ளைகள் 3/6. சரியாக 1.

இறப்புத் தேதியை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால் சட்டம் நடுவில் மாறியது. 1993 செப்டம்பர் 1-க்குப் பின் இறந்தவருக்கு, பிள்ளைகள் எல்லாரும் இந்த மனைவிக்கே பிறந்தவர்கள் என்றால், பொதுச்சொத்தில் அவர் பங்கு முழுதும் மனைவிக்கே. முதல் தாரத்துப் பிள்ளை ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறும். தனிச்சொத்து என்றால் அது வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கில் ஆயுள் உரிமை மட்டும், மற்றது பிள்ளைகளுக்கு. பரம்பரையாக வந்ததும் கல்யாணத்துக்கு முன் வாங்கியதும் தனிச்சொத்து. ஆகவே ஆளின் கல்யாணத் தேதி, விவாகரத்து, மறுமணம் எல்லாம் தேவை. விவாகரத்துத் தீர்ப்பு நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும், நிலப் பதிவில் இருக்காது. உயில் நிரூபணம் கவுன்டி கிளார்க்கின் தனிப் பதிவேட்டில்.

வேறு மாநிலத்தில் இறந்தவரின் உயில் அங்கே நிரூபிக்கப்பட்டு, டெக்சாஸ் கவுன்டியில் பதிவாகாமலே இருப்பது மிகப் பரவலான ஓட்டை. உயிலே இல்லாதபோது வாரிசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வார்கள். சொத்தில் ஆர்வமில்லாத, குடும்பத்தை அறிந்தவர்கள் சத்தியம் செய்து கொடுப்பது. ஐந்து ஆண்டு பதிவில் இருந்தால் நீதிமன்றம் அதை முதல்நிலைச் சான்றாக ஏற்கும். அதுவே உரிமையை உண்டாக்காது. தவறென்று நிரூபித்தால் விழுந்துவிடும். விட்டுப்போன பிள்ளை ஒருவர் பின்னால் வருவது கதைகளில் மட்டும் நடப்பதில்லை.

அடமானங்களை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. அது பெரிய தவறு. முழு நிலத்தின் மீது 1929-இல் அடமானம் எழுதி, 1931-இல் கனிமத்தில் பாதியைத் தனியாக விற்று, 1934-இல் கடன் கட்டாமல் நிலம் ஏலம் போனால், முந்தைய அடமானம் பிந்தைய கனிமப் பத்திரத்தையும் சேர்த்தே துடைத்துவிடும். அடமானம் 1931-க்குப் பின் எழுதப்பட்டதென்றால் கனிமம் தப்பியது. அடமானம், பிரிவினை, ஏலம் மூன்றின் தேதிகளையும் வரிசையில் வைத்தால்தான் முடிவு தெரியும். வரி பாக்கிக்காக மேல்மண் ஏலம் போனது வேறு கதை: அதற்கு முன்பே பிரிந்துவிட்ட கனிமத்தை அது தொடாது.

கனிமம் பயன்படுத்தாமல் கிடந்தால் காலாவதி ஆகுமா என்று கேட்பவர்கள் அதிகம். டெக்சாஸில் ஆகாது, நூறு ஆண்டானாலும் வாரிசுக்கு உண்டு. லூசியானாவில் 10 ஆண்டு பயன்பாடில்லை என்றால் மேல்மண்காரரிடம் திரும்பிவிடும். ஓக்லஹோமாவில் கவுன்டி கிளார்க்கே நிலவாரி அட்டவணை வைத்திருப்பதால் தேடல் பாதி வேலைதான். பொதுநிலம் கூட்டாட்சி அரசிடம் இருந்த மாநிலங்களில் 1916-ஆம் ஆண்டுக் கால்நடைக் குடியேற்றச் சட்டப்படி கொடுத்த பட்டாவில் கனிமம் முழுதும் வாஷிங்டனுக்கு. பத்திரத்தில் மட்டும் ஒதுக்கீட்டுக்குக் காலக்கெடு இருக்கலாம்: '20 ஆண்டு, அதன்பின் உற்பத்தி நடக்கும்வரை' என்று எழுதியிருந்தால், 20-ஆம் ஆண்டு முடிவில் கிணறு ஓடியதா என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கும் இடம் டெக்சாஸ் ரெயில்ரோட் கமிஷன். 1891-இல் ரயிலுக்காக ஏற்பட்டது. பெயர் அப்படியே நிற்க, வேலை எண்ணெய் எரிவாயு. அதன் வரைபட தளத்தில் ஆப்ஸ்ட்ராக்ட் எண்ணைப் போட்டால் அங்கே தோண்டிய கிணறுகள் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 42 என்று தொடங்கும் ஏபிஐ எண் (கிணற்றின் அடையாள எண்), அடுத்த மூன்று இலக்கம் கவுன்டி. மிட்லண்ட் என்றால் 329. லீஸ் எண்ணை எடுத்து மாதவாரி உற்பத்தியைப் பாருங்கள். பழைய குத்தகையின் ஆரம்பக் காலம் முடிந்த பின்னும் உற்பத்தி அறாமல் வந்திருந்தால் குத்தகை இன்னும் உயிரோடிருக்கிறது. விடுவிப்புப் பத்திரம் பதிவாகவில்லை என்பதால் மட்டும் குத்தகை உயிரோடிருப்பதாகக் கொள்ளாதீர்கள். பல கம்பெனிகள் அதைப் பதிவு செய்வதே இல்லை. உற்பத்தி உள்ள இடமென்றால் சொத்துவரிக்கு மதிப்பிடும் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்டின் கனிமப் பட்டியலில் உரிமையாளர் பெயரும் தசம பங்கும் இருக்கும். அது உரிமைச் சான்றல்ல, கம்பெனி கொடுத்த விவரம். ஆனாலும் உங்கள் கணக்கோடு ஒத்துப்பார்க்க அருமையான இடம்.

அந்த ஒத்துப்பார்த்தலை மேலே சொன்ன பிள்ளைகளில் ஒருவரை வைத்துச் செய்வோம். 160-இல் 1/6 என்றால் 26.667 நெட் மினரல் ஏக்கர் (அவர் பங்குக்கு வரும் கனிம ஏக்கர்). 160 ஏக்கரும், பல நிலங்களை ஒன்றாக்கிய 640 ஏக்கர் யூனிட் ஒன்றில் சேர்க்கப்பட்டிருக்கிறது, குத்தகை ராயல்டி 1/4. கணக்கு: 160/640 × 1/6 × 1/4 = 0.01041667. யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டிக் கம்பெனி அனுப்பும் டிவிஷன் ஆர்டரில் எட்டு தசம இடத்துக்கு இந்த எண்தான் இருக்க வேண்டும். 0.00520833 என்று வந்தால் சரியாகப் பாதி. அம்மா வழியாக வந்த 1/12-ஐ விட்டுவிட்டார்கள் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன், யூனிட் ஏக்கர், நில ஏக்கர், ராயல்டி மூன்றையும் எப்படி எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அம்மாவின் இறப்புச் சான்றும் வாரிசு பிரமாணப் பத்திரமும் பதிவாகாமல் இருந்தால் அந்தப் பங்கைக் கம்பெனி நிறுத்தித்தான் வைத்திருக்கும். ஆள் கிடைக்காத ராயல்டி சில ஆண்டுகளில் மாநில நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரின் உரிமை கோராத சொத்துப் பட்டியலுக்குப் போய்விடும். ஆகவே ரன்ஷீட்டில் வந்த ஒவ்வொரு வாரிசின் பெயரையும், எழுத்துப் பிழை வடிவங்களையும் சேர்த்து, அந்தத் தளத்திலும் ஒருமுறை தேடிவிட்டு, பிறகு கோப்பை டைட்டில் ஒப்பீனியன் (உரிமை பற்றிய சட்டக் கருத்து) எழுதும் வக்கீலிடம் கொடுங்கள்.